லோட்டெயின் இடது கடைவாய்ப் பல்

ஒரு பழைய இராணுவ இரும்புத் தொப்பியை மேசையில் மல்லாத்தி வைத்திருந்தார்கள். உள்ளே இலக்கம் எழுதிய மரக்குண்டுகள், சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரியவை. சீருடையில் வரிசையாக வந்த வீரர்கள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு தொப்பிக்குள் கையை விட்டார்கள். எடுத்த இலக்கத்தை மேசையிலிருந்த அதிகாரி உரத்து வாசிப்பார். நான் அதைக் கரும்பலகையில் எழுதுவேன்.

இலக்கம் என்றால் குதிரை. அந்தக் காலை வரைக்கும் அவர்கள் ஏறியிராத, தொட்டும் பார்த்திராத ஒரு குதிரை. இன்னும் சில மணி நேரத்தில் அதன் முதுகில் இருந்து பதினைந்து தடைகளைத் தாண்ட வேண்டும்.

மண்டபத்தில் மரத்தூள் வாசம், சேணத்துக்குப் பூசும் எண்ணெய் வாசம், கோப்பி வாசம். வெளியே பல நாட்டுக் கொடிகளின் கயிறுகள் இரும்புக் கம்பங்களில் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டிருந்தன.

இந்திய அணியின் முறை வந்தது. மூன்று பேர். கடைசியாக வந்தவர் ஒல்லி, கறுப்பு, மீசையை நூல் பிடித்ததுபோல் ஒதுக்கியிருந்தார். நெஞ்சுப் பட்டியில் ஆங்கிலத்தில் பெயர்: எத்திராஜ். அவர் எடுத்த குண்டை அதிகாரி வாசித்தார்.

“எல்ஃப்.”

பதினொன்று.

“மாதாவே! உவன் போய் அவளையே எடுத்திட்டான்!”

வாசலில் தண்ணீர் வாளியோடு நின்ற சூசை அண்ணையின் குரல். எங்களைத் தவிர யாருக்கும் விளங்காது என்ற துணிவில் அவர் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார்.

வரிசையைவிட்டு விலகிய எத்திராஜ் நின்றார். திரும்பினார். முதலில் வாளியைப் பார்த்தார், பிறகு சூசை அண்ணையைப் பார்த்தார்.

“அண்ணே... தமிழா நீங்க?”

நான் பலகையில் பதினொன்றை இரண்டு தரம் எழுதிவிட்டேன்.

ஆமியும் சாணியும்

நாங்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் நடந்து, அங்கிருந்து பிரித்து அனுப்பப்பட்டு, வெஸ்ட்ஃபாலியாவில் ஒரு சிறு பட்டினத்து அகதி விடுதியில் இருந்தோம். ‘ஹைம்’ என்போம். அகதி விண்ணப்பத்துக்கு, அதாவது எங்கள் வாயில் ‘அன்றாக்’குக்கு, முடிவு வரும் வரை வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் பட்டினத்துக்குப் பயனுள்ள வேலை என்று சமூக உதவி அலுவலகம் எதையாவது எழுதித் தந்தால் செய்யலாம். செய்யாவிட்டாலும் குறித்துக்கொள்வார்கள்.

பூங்காவில் இலை கூட்டினோம். மயானத்தில் புல் வெட்டினோம். அந்தக் கோடையில் வந்த கடிதத்தில் வேறொரு வேலை இருந்தது: பட்டினத்துக்கு வெளியே இருக்கும் குதிரைப் பயிற்சி மைதானத்தில் பல நாட்டு இராணுவ வீரர்களின் நவீன ஐந்திறப் போட்டி நடக்கப்போகிறது, மூன்று கிழமைக்கு முன்னதாகவே லாயத்துக்கு ஆள் வேண்டும்.

ஹைமில் அன்று சமையலறை சிரிப்பால் நிறைந்தது.

“ஆமிக்குப் பயந்து ஓடி வந்திட்டு, இப்ப ஆமிக்காரன்ர குதிரைக்குச் சாணி அள்ளப் போறியளோ?” என்றான் ஒருவன்.

“போங்கோ, போங்கோ. இந்த ஆமி சுடாது. சுட்டாலும் பேப்பர் மட்டையிலதானாம்” என்றான் இன்னொருவன்.

சிரிப்பதற்கு இடமிருந்தது. முதல் நாள் மைதான வாசலில் பச்சைச் சீருடையில் ஒருவன் சீட்டைக் காட்டச் சொல்லிக் கையை நீட்டியபோது என் கால்கள் தாமாகவே தயங்கின. அவன் சீட்டைப் பார்த்துவிட்டு “குட்டன் மோர்கன்” என்று சொல்லி வழிவிட்டான். சீருடை போட்ட ஒருவன் எனக்குக் காலை வணக்கம் சொன்னது அதுவே முதல் தடவை.

விளையாட்டுப் பக்கத்தின் அடியில்

இங்கே ஒரு பழைய கணக்கைச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் நான் நாலு வருடம் விளையாட்டுப் பக்கம் செய்தேன். வெளிநாட்டுச் செய்திகள் தந்தியில் வரும். ‘மொடேர்ன் பென்டத்லன்’ என்று ஒன்று எப்போதாவது வரும். நான் அதை ‘ஐவகைப் போட்டி’ என்று மொழிபெயர்த்து, வென்றவனின் பெயரை வாய்க்கு வந்தபடி தமிழாக்கி, பக்கத்தின் அடியில் நாலு வரி போடுவேன். விளம்பரம் ஒன்று பிந்தி வந்தால் முதலில் வெட்டப்படுவதும் அந்த நாலு வரிதான். அந்த ஐந்தும் எவை என்று நானும் தேடவில்லை, எந்த வாசகரும் கேட்கவில்லை.

லாயத்தில்தான் ஐந்தும் தெரிந்தது. முதல் நாள் குதிரையேற்றம். பிறகு வாட்போர், நீச்சல், கைத்துப்பாக்கிச் சுடுதல், கடைசியில் காடுமேடாக ஓட்டம். பழைய காலத்துத் தூது அதிகாரி ஒருவனை மனத்தில் வைத்துச் செய்த விளையாட்டாம். எதிரியின் நிலத்தில் அகப்பட்டுக்கொண்டவன், கிடைத்த குதிரையில் ஏறி, வாளால் வழி விலக்கி, சுட்டு, ஆற்றை நீந்தி, மிச்சத்தை ஓடிக் கடக்க வேண்டும். குதிரையைக் குலுக்கலில் எடுப்பது அதற்காகத்தான். தப்பி ஓடுகிறவன் தனக்குப் பிடித்த குதிரையைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது.

இதை ஹைமில் சொன்னேன். “எங்களுக்கும் அதேதான், குதிரைக்குப் பதிலா ரஷ்யப் பிளேன்” என்றார்கள்.

குதிரையேற்றத்தில் எல்லாருக்கும் ஆயிரத்து நூறு புள்ளி கொடுத்துவிட்டு, தடையிலிருந்து விழும் ஒவ்வொரு மரத்தண்டுக்கும், பிந்தும் ஒவ்வொரு விநாடிக்கும் கழித்துக்கொண்டே போவார்கள். சுற்றை முடிக்காதவனுக்குப் பூச்சியம். ஒரு குதிரையில் இரண்டு பேர் ஓடுவார்கள், காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர். அணிக்கு மூன்று பேர், மூன்று புள்ளியையும் கூட்டித்தான் அணியின் இடம். ஒரு பூச்சியம் விழுந்தால் மிச்ச நாலு நாளும் எப்படி நீந்தினாலும் எப்படிச் சுட்டாலும் அந்தக் குழி மூடாது.

ஒரு பல் போன கதை

சூசை அண்ணை நெடுந்தீவு. எனக்குப் பத்து வயது மூப்பு. நெடுந்தீவில் ஆளில்லாக் குதிரைகள் வெளியில் மேய்ந்து திரிவது வாசகர்களுக்குத் தெரியும். கடல் தொழில் இல்லாத மாதங்களில் அந்தக் குதிரைகளில் ஒன்றிரண்டைப் பிடித்துப் பழக்குவது அவருக்கு ஒரு பழக்கம். சேணம் போட்ட, காலுக்குத் துணி சுற்றிய ஜேர்மன் குதிரைகளை முதலில் கண்டபோது, “உதுகள் பள்ளிக்கூடம் போற குதிரையள்” என்றார்.

ஜேர்மன் மொழியில் அவருக்கு நன்றி சொல்லும் ‘டங்கெ’யும் வணக்கம் சொல்லும் ‘மோர்கன்’னும் மட்டும்தான் தெரியும். நான் ஹைமில் கிடைத்த ஒரு பள்ளிப் புத்தகத்தை வைத்துக் கொஞ்சம் தேறியிருந்தேன்.

பதினொன்றாம் கொட்டிலில் நின்றவள் லோட்டெ. செம்பழுப்புப் பெண் குதிரை, நெற்றியில் தீக்குச்சி அளவு வெள்ளை. வேகமானவள். இடது பக்கம் திருப்பினால் மட்டும் தலையை உதறி நின்றுவிடுவாள். பயிற்சிக்கு ஏறியவர்கள் அவளைப் பிடிவாதக்காரி என்றார்கள்.

நாலாம் நாளே சூசை அண்ணை கொட்டிலைக் கூட்டும்போது ஒன்றைக் கண்டுவிட்டார். மென்று பாதியில் துப்பிய புல், கோழிமுட்டை அளவில் உருண்டை உருண்டையாக. வேறு எந்தக் கொட்டிலிலும் அது இல்லை. அடுத்த நாள் அவள் தின்னும்போது பக்கத்தில் நின்று பார்த்தார். வலது பக்கத்தால் மட்டும் மென்றாள். இடது கடைவாய்ப் பல் கன்னத்தைக் கிழிக்கிறது, அந்தப் பக்கத்துக் கடிவாளத்தை இழுத்தால் இரும்பு போய்ப் புண்ணில் முட்டுகிறது என்று முடிவுகட்டினார்.

அன்று எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் ‘டெர்மின்’. குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் கதை முடிந்தது. சூசை அண்ணை தனியாக லாயத்துப் பொறுப்பாளர் ஹெர் பிரிங்மானிடம் போனார். ‘ஹெர்’ என்றால் அவர்களின் ‘திரு’. ஓய்வுபெற்ற படைவீரர், உயரமானவர், ஒரு பேச்சுக்கு ஒரு சொல்லைத்தான் செலவழிப்பார். சூசை அண்ணை வாயைத் திறந்து, தன் இடது கடைவாயை விரலால் தொட்டு, முகத்தைச் சுளித்து, தலையை உதறிக் காட்டினார்.

பிரிங்மானுக்கு இரக்கம் வந்துவிட்டது. ஒரு தாளில் எதையோ எழுதி, தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய்ப் பல் வைத்தியரிடம் விட்டார்.

பின்னேரம் நான் திரும்பி வந்தபோது சூசை அண்ணை வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

“என்ன அண்ணை?”

“புடுங்கிப் போட்டாங்கள்.”

“உங்கட பல்லையோ? ஏன் விட்டனீங்கள்?”

“வெள்ளைத் தாளில எழுதி, காரில கொண்டுபோய், கதிரையில இருத்தினா நான் என்ன செய்ய? டெர்மின் தந்தா மாட்டன் எண்டு சொல்லலாமே? பிறகு அன்றாக்கில எழுதிப்போட்டாங்களெண்டா?”

“அந்தப் பல்லு நோவிருந்ததோ?”

கொஞ்சம் யோசித்தார். “சூத்தைதான். அதுக்காக நான் போகேல்லை.”

ஹைம் முழுக்க இரண்டு நாள் சிரித்தது. நானும் சிரித்தேன். ‘குதிரையின் பல்லுக்கு மனிதனின் பல்’ என்று மனத்துக்குள் தலைப்புக்கூடப் போட்டேன். அடுத்த நாள் பிரிங்மானிடம் போய் விளங்கப்படுத்துகிறேன் என்றேன். “வேண்டாம் தம்பி. இன்னொருக்காச் சொன்னா மற்றப் பக்கத்தையும் புடுங்குவாங்கள்” என்றார் அவர். நான் வற்புறுத்தவில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். பிறகு வேலை கூடிவிட்டது. போட்டிக்கு முந்திய பரிசோதனையில் மிருக வைத்தியர் எல்லாக் குதிரைகளையும் நடக்கவிட்டு, ஓடவிட்டு, காலைத்தான் பார்த்தார்.

தவறு யாருடையது என்று இன்று கேட்டால் என் பெயரைத்தான் முதலில் எழுதுவேன். எனக்கு அது ஒரு வேடிக்கைச் செய்தி. லோட்டெக்கு அது ஒவ்வொரு வாய்ப் புல்லிலும் இருந்த வலி.

விளங்காது என்றபடியால்

குலுக்கல் முடிந்ததும் எத்திராஜ் எங்களிடம் வந்துவிட்டார். வேலூர்ப் பக்கம். அவர் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பாராம். ஹவில்தார். குதிரை தெரியும், ஆனால் படையில் பழகிய குதிரை வேறு, இது வேறு.

“ஒரு மாசமாச்சு அண்ணே, யார்கூடவாவது தமிழ்ல பேசி. எங்க டீம்ல ஒருத்தர் பஞ்சாப், ஒருத்தர் ராஜஸ்தான். கனவுகூட இந்தியில வருது.”

“சாப்பாடு?” என்றார் சூசை அண்ணை.

“உருளைக்கிழங்கு அண்ணே. காலைல உருளைக்கிழங்கு, ராத்திரி உருளைக்கிழங்கு.”

“எங்களுக்கும் அதுதான். பழகிப்போம்.”

சிரித்தோம். பிறகு அவர் குரலைத் தணித்தார்.

“போன ரெண்டு வாட்டியும் வெளிநாடு வந்து முதல் நாளே எங்களுக்கு ஒரு முட்டை விழுந்துச்சு அண்ணே. ஒரு வாட்டி நானே விழுந்தேன். குதிரை நின்னுடுச்சு, நான் மட்டும் தாண்டிட்டேன். அதுக்கப்புறம் நாலு நாள் சும்மா ஓடறதுதான், டீமே கிடையாது. இந்த வாட்டியும் அப்படின்னா திரும்ப அனுப்ப மாட்டாங்க. மத்த ரெண்டு பேரும் நல்ல குதிரை எடுத்துட்டாங்க. என் கையிலதான் இருக்கு.” சூசை அண்ணையைப் பார்த்தார். “நான் எடுத்ததும் மாதாவேன்னீங்களே. அந்தக் குதிரைக்கு என்ன அண்ணே?”

லாயத்துச் சுவரில் மூன்று மொழியில் ஒட்டியிருந்தார்கள்: ஊழியர்கள் குதிரைகளைப் பற்றி வீரர்களிடம் எதுவும் சொல்லக் கூடாது, அச்சிட்ட தாளில் இருப்பது மட்டுமே தகவல். லோட்டெயின் தாளில் இருந்தது ஒரே வரி: ‘உணர்ச்சி கூடியது, மென்மையான கை வேண்டும்.’

சூசை அண்ணை வாளியைக் கீழே வைத்தார். 

“சொல்லுங்கோ அண்ணை” என்றேன் நான். “இஞ்ச ஆருக்கு விளங்கப்போகுது?”

“விளங்காதெண்டபடியாத்தான் ஏலாது.”

“என்ன கதை அண்ணை? எங்கட ஆள் ஒருத்தர்...”

“எங்கட ஆள்தான். ஆனா காலமைச் சுற்றில அவளில ஏறப்போறது, பதினொண்டை எடுத்த அந்தப் பின்லாந்துப் பெடியன். அவனுக்குத் தமிழ் தெரியாட்டி அவன் விழவேணுமோ?” என் கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பார்த்தார். “சொல்லுறதெண்டா எல்லாருக்கும் கேக்கச் சொல்லுவம். நீர்தான் வந்து கதைக்கவேணும். நான் திரும்பவும் வாயைத் துறந்து காட்டமாட்டன்.”

எத்திராஜின் காது சிவந்துவிட்டது. விறைப்பாக நின்றார்.

“தப்பு அண்ணே. நான் கேட்டிருக்கக் கூடாது. நீங்க போய்ச் சொல்லுங்க. நான் இங்க நின்னா, நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு ஆகிடும்.” குதிகாலைத் திருப்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டபத்தின் அடுத்த மூலைக்குப் போய்விட்டார்.

பிரிங்மானின் அறைக்குப் போகும் வழியில் சூசை அண்ணை ஒரு தரம் நின்றார்.

“தம்பி, உதால என்ர அன்றாக்குக்கு ஏதும் வருமோ?”

“தெரியாது அண்ணை.”

“சரி, வாரும்” என்று முன்னால் நடந்தார்.

புல் உருண்டை

பிரிங்மான் எங்களைக் கண்டதும் சூசை அண்ணையின் கன்னத்தைக் காட்டிக் கேட்டார்: “பல் சுகமா?”

“அவருடைய பல் அல்ல” என்றேன். “அன்றைக்கும் அவருடைய பல் அல்ல. லோட்டெயின் பல்.”

அவர் விளங்கிக்கொள்ளச் சில விநாடி எடுத்தது. பிறகு கழுத்திலிருந்து மேலே, ஒரு குழாயில் நீர் ஏறுவதுபோல், சிவப்பு ஏறியது.

“மூன்று கிழமையாகவா?”

“மூன்று கிழமையாக.”

நேரே கொட்டிலுக்கு நடந்தார். சூசை அண்ணை குதிரையின் வாயைத் திறக்கவில்லை. ஒரு பிடி உலர்ந்த புல்லை நீட்டினார். லோட்டெ வாங்கினாள், மென்றாள், தலையை வலப்புறம் சாய்த்தாள், மென்றாள். ஈரமாக ஓர் உருண்டை கீழே விழுந்தது. அதை எடுத்துப் பிரிங்மானின் உள்ளங்கையில் வைத்தார் சூசை அண்ணை.

பிரிங்மான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கள் ஊரில் கோயில் பிரசாதத்தைக்கூட அவ்வளவு கவனமாக யாரும் பிடிப்பதில்லை. பிறகு மிருக வைத்தியரைக் கூப்பிட ஓடினார். அறுபது வயது மனிதர், நிஜமாகவே ஓடினார்.

வைத்தியர் ஒளிவிளக்கை உள்ளே விட்டு, கையையும் முழங்கை வரை விட்டுப் பார்த்தார். இடது மேல் கடைவாய்ப் பல்லின் வெளி விளிம்பு கத்தி மாதிரி. உள் கன்னத்தில் புண். நீண்ட அரம் ஒன்றால் அந்த விளிம்பை அராவினார். அராவுகிற சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. சூசை அண்ணை அவளின் மூக்குத்தண்டில் கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவள் அசையவில்லை.

ஒலிபெருக்கியில் பின்லாந்து லெப்டினென்டையும் எத்திராஜையும் அழைத்தார்கள். நடுவர் குழுத் தலைவரான கேர்ணல், வைத்தியர் சொன்னதை இருவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னார்: பல் அராவியாயிற்று, புண் இருக்கிறது, ரப்பர் சுற்றிய மெல்லிய கடிவாளத்தோடு மத்தியானம் ஒரு சுற்று மட்டும் ஓடலாம், விரும்பாதவர் மாற்றுக் குதிரை எடுக்கலாம், பதினொன்றில் ஓட நினைப்பவர் லாயத்து ஊழியரிடம் கேள்வி கேட்கலாம், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி.

எத்திராஜ் என்னிடம் தமிழில் கேட்டார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

“இடப்பக்கம் திரும்பும்போது என்ன பண்ணணும்?”

“இழுத்தா நிப்பாள், விட்டாப் போவாள்” என்றார் சூசை அண்ணை. “நான் மூண்டு கிழமையும் தண்ணிக்குக் கொண்டுபோனது கயித்தைத் தொங்கவிட்டுத்தான். காலால சொல்லுங்கோ, கையால சொல்லாதேங்கோ.”

நான் மொழிபெயர்த்தேன். கேர்ணல் தலையசைத்தார். பின்லாந்துக்காரர், இருபத்திரண்டு வயதுப் பெடியன், ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டுவிட்டு, “நன்றி, நான் மாற்றுக் குதிரை எடுக்கிறேன்” என்றார்.

கேர்ணல் எத்திராஜைப் பார்த்தார்.

“இவளே போதும் சார்” என்றார் எத்திராஜ். தமிழில் சொன்னதை உணர்ந்து ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். என்னிடம் மெல்ல: “எங்க வலிக்குதுன்னு தெரிஞ்ச குதிரை அண்ணே. தெரியாததுக்கு இது மேல்.”

பதினைந்து தடைகள்

மாற்றுக் குதிரையில் பின்லாந்துக்காரர் காலையில் ஓடினார். ஒரு தண்டும் விழவில்லை. இதையும் எழுதியாக வேண்டும், நடந்தது அதுதான்.

மத்தியானத்துக்குள் இந்தியாவின் மற்ற இருவரும் முடித்துவிட்டார்கள். பஞ்சாப்காரருக்கு மூன்று தண்டு, ராஜஸ்தான்காரருக்கு இரண்டு. எத்திராஜ் மட்டும் மிச்சம்.

பழகிக்கொள்ள இருபது நிமிடம் தருவார்கள். அந்த இருபது நிமிடத்தில் பாதியை எத்திராஜ் தாண்டாமலே கழித்தார். இடப்புறமாக வட்டம் போட்டார். இடக்கைக் கடிவாளம் தளர்ந்து தொங்கியது. முதல் வட்டத்தில் லோட்டெ தலையை உதறினாள். இரண்டாவதிலும் உதறினாள். மூன்றாவதில் இழுக்கப்போகிற கை எப்போது வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. காதுகள் முன்னுக்கு வந்தன.

மணி அடித்தது.

முதல் மூன்று தடைகள் நேர்க்கோட்டில். தாண்டினாள். நாலாவது, வலப்புறம் திரும்பி. தாண்டினாள். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில்தான் அந்த இடது திருப்பம், இறுக்கமானது. பயிற்சியில் அவள் ஒவ்வொரு தடவையும் நின்ற இடம். ஏழாவது, வெள்ளையும் சிவப்புமாகப் பூசிய அகலத் தடை.

நான் மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூசை அண்ணை குதிரையின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விடு... விடு... தொடாதை...” என்று முணுமுணுத்தார்.

எத்திராஜ் இடக்கையை முன்னுக்குத் தள்ளிவிட்டார், கடிவாளத்தைக் குதிரைக்கே கொடுத்துவிட்டவர்போல. வலது கால் அவளின் விலாவில் அழுந்தியது. லோட்டெ ஒரு கணம் குறுகினாள். மைதானத்தில் யாரோ ‘ஓ’ என்றார்கள். நிற்கப்போகிறாள் என்று நானும் நினைத்தேன். அவள் நிற்கவில்லை. திரும்பினாள், இரண்டே எட்டில் தடைக்கு வந்தாள், பின்கால்கள் தண்டுக்கு ஒரு சாண் மேலாகப் போயின.

“ஓம்” என்றார் சூசை அண்ணை. அவ்வளவுதான் சொன்னார்.

ஒன்பதாவதில் ஒரு தண்டு விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. வெறும் மரம், வெறும் மண். பன்னிரண்டாவதில் ஒரு தண்டு ஆடி, ஆடி, நின்றது. கடைசித் தடையை எத்திராஜ் நிதானமாகவே எடுத்தார். நேரத்தில் கொஞ்சம் இழந்தார், தெரிந்துதான் இழந்தார். கோட்டைக் கடந்ததும் கையை உயர்த்தவில்லை, குதிரையின் கழுத்தைத் தட்டினார். பஞ்சாப்காரர் வேலியைத் தாண்டிக் குதித்து வந்து அவரின் காலைக் கட்டிக்கொண்டு இந்தியில் கத்தினார்.

நான் பலகைக்குப் போனேன். இந்தியா என்ற பெயருக்கு நேரே மூன்றாவது எண்ணை எழுதினேன். மூன்றும் பூச்சியமில்லாத எண்கள். கீழே ஒரு கோடு இழுத்துக் கூட்டினேன். பெரிய தொகை அல்ல. பட்டியலில் மேலே போகிற தொகையும் அல்ல. நாலு வருடம் நான் அடியிலிருந்து வெட்டி எறிந்த வரிகளுக்குள் இருந்திருக்கக்கூடிய ஒரு தொகை. அதை எழுதும்போது என் கையெழுத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்தது.

எத்திராஜ் பலகையைப் பார்க்க வந்தார். சூசை அண்ணை பக்கத்தில் நின்றார். 

“கழுத்து வேர்த்திருக்கு, அவளை உடன தண்ணிக்கு விடாதேங்கோ” என்றார் சூசை அண்ணை.

“சரிங்கண்ணே” என்றார் ஹவில்தார், உத்தரவு கேட்ட குரலில்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் ஊருக்கு வந்திறங்கிய இந்தியச் சீருடைகளைப் பற்றி எங்கள் வீடுகளில் வேறு பேச்சு வந்தது. அதை அதன் இடத்தில் எழுதுவேன். நான் அந்தக் கோடையில் கண்டது ஒரு மனிதன் கடிவாளத்தை விட்டுக்கொடுத்ததை. அதைக் கண்டபடியே இங்கே வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலை

வாட்போர் பக்கத்து மண்டபத்தில் தொடங்கியிருந்தது. திறந்த கதவுகளூடாக வாள்கள் உரசுவது கேட்டது. குதிரைகளின் வேலை முடிந்துவிட்டது. எங்களுக்குக் கொட்டில் கூட்டும் வேலை மட்டும்.

ஹெர் பிரிங்மான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். அதுவரை செய்யாதது. பிறகு முதலாம் கொட்டிலுக்கு முன்னால் போய் நின்று, நோட்டைத் திறந்து, பேனையை எடுத்து, சூசை அண்ணையைப் பார்த்தார்.

“இவன்?”

“என்னவாம்?” என்றார் சூசை அண்ணை.

“ஒவ்வொரு குதிரைக்கும் நீங்கள் கண்டதைக் கேக்கிறார் அண்ணை. எழுதப்போறாராம்.”

“எல்லாத்துக்குமோ?”

“எல்லாத்துக்கும்.”

லாயத்தில் முப்பத்தெட்டுக் குதிரைகள். சூசை அண்ணை விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். கையைக் காற்சட்டையில் துடைத்தார். முதலாம் கொட்டிலின் அரைக்கதவில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, உள்ளே நின்ற கறுப்புக் குதிரையை நெடுநேரம் பார்த்தார். காலைப் பார்த்தார், கீழே சிந்திய புல்லைப் பார்த்தார், அது மூச்சு விடுவதைப் பார்த்தார். பிரிங்மான் அவசரப்படுத்தவில்லை.

“இவனுக்கு ஒண்டுமில்லை” என்றார் கடைசியில். “நல்ல பிள்ளை.”

நான் மொழிபெயர்த்தேன். பிரிங்மான் குனிந்து எழுதினார். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அது என் தொழில் பழக்கம். கோணாத எழுத்தில் எழுதியிருந்தார்: ‘முதலாம் இலக்கம். ஹெர் சூசை பார்த்தார். குறை ஒன்றுமில்லை.’

“என்ன எழுதிறான்?” என்றார் சூசை அண்ணை.

வாசித்துக் காட்டினேன்.

“ஹெர் எண்டோ போட்டிருக்கு?”

“ஓம் அண்ணை.”

அவர் தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு, விளக்குமாற்றை எடுக்காமலே இரண்டாம் கொட்டிலுக்கு நடந்தார்.